ஒன்ஸ் அப்பான் எ மாட்ரஸ்: தொலைக்காட்சி வடிவங்கள்

அமெரிக்க நகைச்சுவை இசைநாடகமான 'ஒன்ஸ் அப்பான் எ மாட்ரஸ்' 1964, 1972, 2005 ஆகிய ஆண்டுகளில் தொலைக்காட்சிக்காகத் தயாரிக்கப்பட்டது. மூன்றிலும் கேரல் பர்னெட் நடித்தார். மேரி ராட்ஜர்ஸ் இசையில், மார்ஷல் பேரரின் பாடல்களோடு 1959 மே மாதம் நியூயார்க் ஃபீனிக்ஸ் அரங்கில் தொடங்கிய நாடகம், அதே ஆண்டில் பிராட்வேக்குச் சென்றது. மொத்தம் 460 காட்சிகள் நடந்தன. இயக்கியவர் ஜார்ஜ் ஆபட்.

ஆண்டர்சனின் பட்டாணி இளவரசிக் கதைதான் மூலம். இளவரசன் டான்ட்லெஸுக்கு மணமாகும்வரை நாட்டில் வேறு யாரும் மணமுடிக்கக் கூடாது. வரும் பெண்களையெல்லாம் அரசி அக்ரவெயின் சோதனை வைத்துத் திருப்பி அனுப்புகிறாள். அகழியை நீந்திக் கடந்து, சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்து நிற்கிறாள் இளவரசி வினிஃப்ரெட். இருபது மெத்தைகளுக்கு அடியில் ஒரு பட்டாணி வைக்கப்படுகிறது; அது உறுத்தித் தூங்காமலிருந்தால் அவள் தேறியவள். இரவெல்லாம் அவள் புரண்டது பட்டாணியால் அன்று. அவள் தோற்றுவிடக் கூடாதென்று வேண்டியவர்கள் மெத்தைக்குள் செருகிய ஆயுதங்களால்.

1964 ஜூன் 3 அன்று சிபிஎஸ்ஸில் ஒளிபரப்பான முதல் வடிவம் பார்வையாளர் முன்னிலையில் கறுப்பு வெள்ளையில் பதிவானது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கப் பல பாடல்கள் வெட்டுப்பட்டன. வீரன் ஹாரியும் பாணனும் ஒரே பாத்திரமானார்கள். மேடையில் ஹாரியின் காதலி லேடி லார்க்கன் மணமாகாமலே கர்ப்பிணி. தொலைக்காட்சியில் அந்த உறவு ரகசியத் திருமணமாயிற்று. தணிக்கை மனத்தோடு செய்த மாற்றம்போலத் தெரிந்தாலும் இது கதைக்குப் பொருந்துகிறது. திருமணமே சட்டமீறல் என்ற நாட்டில், ரகசியமாக மணந்தவர்களுக்கும் ஆபத்து குறையவில்லை.

இந்தப் பதிவின் பெருமதிப்பு நடிகர்களில் இருக்கிறது. வினிஃப்ரெட்டாக பர்னெட், இளவரசனாக ஜோசப் போவா, அரசியாக ஜேன் வைட், வாய் பேச முடியாத அரசராக ஜாக் கில்ஃபோர்ட் என மேடையில் நடித்தவர்களே இதிலும் நடித்தனர். கண்ணும் கையும் மட்டுமே வசனமான கில்ஃபோர்டுக்கு குளோசப் பெருந்துணை. கடைசி வரிசைவரை கேட்கும்படி வளர்ந்த பர்னெட்டின் குரலையோ யாரும் அடக்கவில்லை. தன்னைக் கூச்ச சுபாவக்காரி என்று வினிஃப்ரெட் உச்சக் குரலில் முழங்கும் பாடலுக்கு அந்தச் சத்தம்தான் உயிர்.

1972 டிசம்பரில் சிபிஎஸ் வண்ணத்தில் மீண்டும் தயாரித்தது. பர்னெட், வைட், கில்ஃபோர்ட் மூவரும் தொடர்ந்தனர். கென் பெர்ரி இளவரசனாகவும் பெர்னடெட் பீட்டர்ஸ் லார்க்கனாகவும் வந்தனர்.

2005 டிசம்பரில் ஏபிசி ஒளிபரப்பிய படத்தை கேத்லீன் மார்ஷல் இயக்கினார். டிரேசி உல்மன் வினிஃப்ரெட். 72 வயது பர்னெட் இதில் மருமகளைச் சோதிக்கும் அரசி. அவருக்கென்றே ஒரு புதுப் பாடலும் சேர்ந்ததால், கதையின் எடை மாமியார் பக்கம் வெளிப்படையாகவே சாய்ந்தது.