ஒரு பெயரின் அதிகாரம்

அடையாற்றில் நின்று 'முதல் பிரதான சாலை எது?' என்று கேட்டால் 'எந்த நகர்?' என்ற எதிர்க்கேள்விதான் விடையாக வரும். காந்தி நகரிலும் ஒரு முதல் பிரதான சாலை உண்டு. கஸ்தூரிபா நகரிலும் உண்டு. இரண்டிற்கும் அஞ்சல் குறியீட்டெண் 600020 என்பதால் அந்த எண்ணும் உதவாது. தெற்கு மாட வீதி மயிலாப்பூரிலும் இருக்கிறது, திருவான்மியூரிலும் இருக்கிறது. ஆனால் பனகல் பூங்கா என்றால் எவரும் 'எந்தப் பனகல் பூங்கா?' என்று கேட்பதில்லை. சில பெயர்கள் ஊர் முழுவதும் செல்லும். சில தம் நகரின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். கணினி நிரலில் மாறிகளின் எல்லை என்று சொல்லப்படுவதும் இதுதான். ஒரு மதிப்புக்கு நாம் இட்ட பெயர் எங்கிருந்து எதுவரை செல்லும் என்பதே கேள்வி.

தியாகராய நகரின் மாடிப்படி ஏறிய கணினி வகுப்புகளில் 1990களின் தொடக்கத்தில் நாம் கற்றது டிபேஸும் ஃபாக்ஸ்புரோவும். டிபேஸின் மூலவடிவை எழுதியவர் அமெரிக்கப் பொறியாளர் வேய்ன் ராட்லிஃப். 1980இல் ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதை டிபேஸ் 2 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே மரபில் வந்த ஃபாக்ஸ்புரோவை 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கடைக் கணக்கும் சரக்கிருப்பும் சம்பளப் பட்டியலும் எழுத இவை போதுமாயிருந்தன. கற்பதற்கும் எளியவை. மாறியை முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. பெயரை எழுதி மதிப்பைக் கொடுத்தால் மாறி பிறந்துவிடும். அந்த எளிமையில்தான் வினையும் இருந்தது.

ஒரு ஜவுளிக்கடைக்காக நாம் எழுதிய சம்பள நிரலைச் சொல்கிறோம். ஒவ்வொரு ஊழியருக்கும் சேமநிதிக்குரிய தொகையை 'பிடித்தம்' என்ற மாறியில் முதன்மை நிரல் வைத்துக்கொள்ளும். தீபாவளி முன்பணம் பெற்றவராயின் ஒரு துணைநிரலை அழைத்து அம்மாதத் தவணையைக் கணக்கிட்டுக் கழிக்கும். பிறகு 'பிடித்தம்' என்பதையும் கழிக்கும். துணைநிரலை எழுதியவர் நம்மில் இன்னொருவர். அவரும் தம் கணக்குக்கு 'பிடித்தம்' என்றே பெயர் வைத்திருந்தார். துணைநிரல் முடிந்து திரும்பியபோது சேமநிதித் தொகை இருந்த இடத்தில் தவணைத் தொகை அமர்ந்திருந்தது. விளைவு, முன்பணம் வாங்கியவர்களுக்குத் தவணை இருமுறை கழிந்தது. வாங்காதவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. கடன் வாங்கும் நிலையில் இருந்தவர்களே குறைந்த சம்பளத்தோடு வீடு சென்றார்கள். அவர்களுடைய ஐயம் கணக்கரின் மேல் விழுந்தது. அவர் மீது ஒரு குற்றமும் இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்ல நமக்கு மூன்று நாட்கள் ஆயின. திருத்தமோ ஒரே வரிதான். துணைநிரலின் தலையில் 'பிரைவேட் பிடித்தம்' என்று எழுதினோம்.

ஏன் இப்படி நேர்ந்தது? அம்மொழியில் ஒரு பெயரின் எல்லை, நிரல் எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்ததன்று. யார் யாரை அழைத்தார் என்பதைப் பொறுத்தது. அழைத்தவரின் மாறிகள் அழைக்கப்பட்டவருடன் கூடவே செல்லும். அழைக்கப்பட்டவர் அதே பெயரைத் தனக்கென்று அறிவிக்காவிட்டால் முன்னவருடையதையே மாற்றிவிடுவார். தரவுத்தளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அட்டவணையின் புலத்துக்கும் மாறிக்கும் ஒரே பெயர் அமைந்தால் புலமே வெல்லும். மாறியைத்தான் குறிக்கிறோம் என்று காட்ட 'எம்' என்ற முன்னொட்டைச் சேர்க்க வேண்டும், நம் பெயருக்கு முன் தலைப்பெழுத்துச் சேர்ப்பதைப் போல. எழுதப்பட்ட கட்டத்துக்குள் பெயரை நிறுத்தும் முறையை அல்கால் 60 முன்பே காட்டியிருந்தது. டிபேஸ் குடும்பத்துக்கு அது தாமதமாகவே வந்தது. 1990இல் கிளிப்பர் 5, 1995இல் விஷுவல் ஃபாக்ஸ்புரோ 3 ஆகியவற்றில்தான் 'லோக்கல்' என்ற அறிவிப்பு கிடைத்தது.

இந்த வேறுபாடு தமிழ் இலக்கண வாசகருக்குப் புதிதன்று. சூத்திரங்கள் சுருங்கச் சொல்பவை; முன் சூத்திரத்தில் வந்த சொல் பின்னதில் எதுவரை செல்லும் என்று அறியாவிட்டால் பொருள் பிறழும். ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று சூத்திர நிலைகளை நன்னூல் வகுத்தது இதற்காகவே. அந்நூலுக்கு மயிலைநாதர் எழுதிய உரையை உ.வே.சாமிநாதையர் 1918இல் பதிப்பித்தார். அவர் பெயரில் 1943இல் நிறுவப்பட்ட நூல்நிலையம் இன்று பெசண்ட் நகரில் இருக்கிறது. 'அதிகாரம்' என்ற சொல்லை விளக்கும் உரைமரபு இரண்டு உவமைகளைத் தருகிறது. ஒன்று, இருந்த இடத்தில் இருந்தபடியே தன் நிலம் முழுவதும் ஆணை செலுத்தும் வேந்தன். மற்றொன்று, தானே உடன்சென்று செயலை நடத்தும் படைத்தலைவன். முன்னது அல்காலின் வழி; பின்னது ஃபாக்ஸ்புரோவின் வழி. உவமை முற்றும் பொருந்தும் என்று வாதிட மாட்டோம். ஆனால் பெயர் நிற்கும் இடம் வேறு, அதன் ஆணை செல்லும் இடம் வேறு என்பதை அவர்கள் தெளிவாகவே கண்டிருந்தார்கள்.

விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015இல் முடிந்தது. இன்றைய மொழிகளில் பெரும்பாலானவை வேந்தனின் வழியையே கொள்கின்றன. என்றாலும் ஒரு மாறிக்குப் பெயரிடும்போதெல்லாம் அந்தக் கணக்கரின் முகம் நமக்கு நினைவுக்கு வருகிறது. பெயரிடுவது எளிது. அது எங்கே நிற்க வேண்டும் என்று எழுதி வைக்கத் தவறினால் பழி வேறொருவர் மேல் விழும்.