பித்தளைப் பாலும் பிஞ்சு ஈரலும்

உலோகக் கலவைகளைப் பற்றி ஒருநாள் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். பித்தளையில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு செம்பு, மீதி துத்தநாகம் என்று கரும்பலகையில் எழுதியபோது, இலஞ்சியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்க ஆச்சி பித்தளைச் சட்டியில புளிக்குழம்பு வைக்க விடமாட்டாங்க. ஏன் சார்?" என்றாள்.

விடை எளிது. புளியிலும் மோரிலும் உள்ள அமிலம் செம்பைக் கரைக்கும். பச்சை நிறத்தில் களிம்பு ஏறும். உண்டால் வயிற்றைப் புரட்டும். அதனால்தான் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசினார்கள். வெள்ளீயம் 232 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, உருகிய ஈயத்தைத் துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் உட்புறம் வெள்ளியாய் மின்னும். இதை நம் பாட்டிமார் வேதியியல் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

அந்தப் பெண் அத்துடன் விடவில்லை. "அப்போ பால் காய்ச்சலாமா சார்?" என்றாள். அந்தக் கேள்விக்கு நம் நாட்டு மருத்துவர்கள் விடை காண ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

1887ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர், குழந்தைகளைத் தாக்கும் விசித்திரமான ஓர் ஈரல் நோயைப் பற்றி எழுதினார். நோயின் போக்கு எங்கும் ஒன்றாகவே இருந்தது. ஒரு வயதோ இரண்டு வயதோ ஆன குழந்தை. அதுவரை நன்றாக வளர்ந்து வந்தது. காரணமில்லாமல் சிணுங்கத் தொடங்கும். பசி குன்றும். இலேசான காய்ச்சல் வந்துவந்து போகும். வயிறு மெல்ல உப்பும். வலது விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் ஈரல் கல்லாகக் கையில் தட்டும். அதன் விளிம்பு இலையின் ஓரம்போலக் கூர்மையாக இருக்கும். பிறகு கண் மஞ்சளிக்கும், வயிற்றில் நீர் கோக்கும். மஞ்சள் கண்ட குழந்தை சில மாதங்களில் இறந்துவிடும். இப்படி ஈரல் நார்நாராக இறுகிப்போவதைத்தான் மருத்துவர்கள் சிரோசிஸ் என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே குடிகாரர்களின் ஈரல்தான் நினைவுக்கு வரும். இறந்த குழந்தைகளின் ஈரலை உருப்பெருக்கியில் பார்த்தவர்கள் கண்டதும் ஏறக்குறைய அதே காட்சிதான்!

தமிழ்நாட்டில் இதைக் குலைக்கட்டி என்றார்கள். சென்னை ஜம்மி நிறுவனத்தின் ஈரல் மருந்து விளம்பரம் பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களுக்குப் பழக்கமானது. ஒரு மருந்துக்கு அவ்வளவு விளம்பரம் வேண்டியிருந்தது என்றால் எத்தனை வீடுகளில் இந்த அச்சம் குடியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஒரு குழந்தை இந்நோயால் போன வீட்டில் அடுத்ததும் போகும். சில தாய்மார் இரண்டு மூன்று பிள்ளைகளை ஒரே வயதில் பறிகொடுத்தார்கள்.

அக்காலத்தில் குழந்தை மருத்துவம் என்று தனித் துறையே நம் நாட்டில் வேரூன்றவில்லை. பெரியவர்களுக்கான மருந்தை அளவு குறைத்துக் கொடுத்தால் போதும் என்ற எண்ணமே பரவலாக இருந்தது. 1933இல் கல்கத்தாவில் டாக்டர் கே. சி. சௌதுரி குழந்தை மருத்துவத்துக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். சென்னையில் 1940களின் இறுதியில் எழும்பூரில் டாக்டர் எஸ். டி. ஆச்சார் இத்துறையைக் கட்டி எழுப்பினார். பின்னாளில் அது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையாக வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாக இளம் மருத்துவர்கள் குழந்தையின் வயிற்றில் கைவைத்து ஈரலின் விளிம்பை உணரக் கற்றுக்கொண்ட இடம் அது. ஆச்சாரின் பெயர் தாங்கிய பாடநூல் இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. அவர் டாக்டர் பாலகோபால் ராஜு, நோய்க்குறியியல் அறிஞர் ஸ்ரீராமாச்சாரி ஆகியோருடன் சேர்ந்து இந்த ஈரல் நோயைப் பற்றி 1960இல் அமெரிக்க இதழொன்றில் எழுதினார். உலகம் இதை 'இந்தியக் குழந்தை சிரோசிஸ்' என்றே அழைத்தது. பெருமைப்படத்தக்க பெயர் அல்ல.

நோயை அடையாளம் காணத் தெரிந்துவிட்டது. காரணம்?

குற்றவாளிக் கூண்டில் பலர் ஏற்றப்பட்டார்கள். வைரஸ் கிருமி என்றார்கள், தொற்றியதற்குச் சான்றில்லை. பூசணம் பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு என்றார்கள். பரம்பரைக் கோளாறு என்றார்கள். சத்துக்குறைவு என்பதும் எளிதில் வாயில் வந்த விடை. ஆனால் இங்கேதான் கணக்கு இடித்தது. இந்த நோய் பரம ஏழையின் குடிசையைக் காட்டிலும் நடுத்தர வீடுகளையே மிகுதியாகத் தேடிப் போயிற்று. தென்னாட்டில் பிராமணக் குடும்பங்களில் அதிகமாகக் கண்டது. வாங்கிக் கொடுக்க வசதியுள்ள வீட்டில், ஆசையாக ஊட்டி வளர்த்த குழந்தை ஏன் சாக வேண்டும்? நான் படித்தவற்றுள் என்னை உலுக்கிய இடம் இதுதான்.

முதல் தடயம் ஒரு சாயத்தில் கிடைத்தது. ஆர்சீன் என்ற சாயம், திசுக்களில் செம்போடு சேர்ந்த புரதம் இருந்தால் அதைப் பழுப்புத் துகள்களாகக் காட்டும். இந்தக் குழந்தைகளின் ஈரல் துணுக்குகளில் அத்துகள்கள் நிறைந்து கிடந்தன என்று 1978இல் 'லான்செட்' இதழில் செய்தி வந்தது. மறு ஆண்டே ஈரலில் உள்ள செம்பை அளந்தார்கள். பெரியவர்களின் உலர்ந்த ஈரலில் ஒரு கிராமுக்குச் சுமார் 50 மைக்ரோகிராமுக்குள்தான் செம்பு இருக்கும். இந்தக் குழந்தைகளிடம் அது பல நூறாகவும் ஆயிரத்துக்கு மேலாகவும் இருந்தது!

ஈரலில் செம்பு சேரும் வில்சன் நோயை மருத்துவ உலகம் 1912லேயே அறிந்திருந்தது. பின் ஏன் இதைக் கோட்டைவிட்டார்கள்? வில்சன் நோயில் செம்பைச் சுமக்கும் ஒரு புரதம் இரத்தத்தில் குறைந்திருக்கும். அதை வைத்தே நோயைக் கண்டுபிடிப்பார்கள். இந்தக் குழந்தைகளிடம் அந்தப் புரதம் குறையவில்லை. இரத்தம் காட்டிக்கொடுக்காததை ஈரல் ஒளித்து வைத்திருந்தது.

செம்பு எங்கிருந்து வந்தது? புனே நகரில் டாக்டர் ஆனந்த் பண்டிட், டாக்டர் ஷீலா பாவே ஆகியோரும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் டானரும் தாய்மாரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்பதை எல்லா மருத்துவர்களும் கேட்டிருப்பார்கள். இவர்கள் "எதில் காய்ச்சினீர்கள்?" என்றும் கேட்டார்கள். நோயுற்ற குழந்தைகளுக்குச் சின்னஞ்சிறு வயதிலேயே மாட்டுப்பாலோ எருமைப்பாலோ தொடங்கப்பட்டிருந்தது. அந்தப் பால் பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைக்கப்பட்டிருந்தது. 1983இல் இதை வெளியிட்டார்கள்.

பாலில் புளிப்பில்லை, அதனால் களிம்பு பயமும் இல்லை. நம் பாட்டிமாரின் விதி புளியைத் தடுத்தது, பாலை விட்டுவிட்டது. ஆனால் பால் சூடாகிப் பல மணி நேரம் பித்தளையோடு உறவாடும்போது செம்பு அதில் இறங்குகிறது. இறங்கிய செம்பைப் பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே பச்சை நிறமும் எளிதில் தெரிவதில்லை. வெள்ளைப் பால் வெள்ளையாகவே தொட்டிலுக்குப் போகிறது.

பெரியவர்கள் அதே பாலைக் காப்பியில் குடித்தார்களே, அவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவர்களுடைய ஈரல் மிகுதியான செம்பைப் பித்தநீர் வழியே வெளியே தள்ளிவிடும். பச்சிளம் குழந்தை பிறக்கும்போதே ஈரலில் பெரியவர்களைக் காட்டிலும் பல மடங்கு செம்பைச் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. வெளியேற்றும் வழியோ இன்னும் முதிரவில்லை. ஏற்கெனவே நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றியது போலாயிற்று. பசும்பால் வாங்கவும் பித்தளை வாங்கவும் முடிந்த வீடுகளை நோய் தேடிப்போனதன் புதிரும் இதில் அவிழ்கிறது. மண்சட்டியும் தாய்ப்பாலுமே கதியாக இருந்த குழந்தை, இந்த ஓர் ஆபத்திலிருந்தேனும் தப்பியது.

வில்சன் நோய்க்காக 1956இல் ஜான் வால்ஷ் கண்ட பெனிசிலமைன் என்ற மருந்து, செம்பைப் பற்றி இழுத்துச் சிறுநீரில் வெளியேற்றும். புனே மருத்துவர்கள் அதை இக்குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். மஞ்சள் காணுமுன் தொடங்கினால் சிலர் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் வளர்ந்தும் ஆளானார்கள். நூறாண்டுக் காலம் மரணம் ஒன்றையே கண்ட நோயில் இது சிறிய செய்தி அல்ல.

'இந்தியக் குழந்தை' என்ற அடைமொழியை உடைத்தது ஆஸ்திரியா. அங்கே டிரோல் மலைப்பகுதியில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே போன்ற ஈரல் நோயால் இறந்ததை 1996இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அங்கும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பசும்பால்தான். குடும்ப வரலாறுகளை அலசியபோது, பரம்பரையாக வரும் ஒரு குறையும் உடன் இருந்ததாகத் தெரிந்தது.

இந்த இரண்டாவது செய்தி முக்கியமானது. பித்தளையில் காய்ச்சிய பாலைக் குடித்த எல்லாக் குழந்தைகளும் சாகவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், குடிநீரில் செம்பு மிகுந்த ஊர்களில் தேடியபோது இத்தகைய மரணம் தென்படவில்லை. டாக்டர் என். சி. நாயக் போன்ற நோய்க்குறியியல் அறிஞர்கள் பாத்திரத்தின்மேல் முழுப்பழியையும் போடுவதை ஏற்கவில்லை. பிறவிக் குறை உள்ள குழந்தைக்குப் பித்தளைப் பால் எமனாயிற்று, மற்றக் குழந்தைகள் தாங்கிக்கொண்டார்கள் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புனே மருத்துவர்கள் பித்தளையை விலக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்பே தெருவில் இன்னொருவர் கிளம்பிவிட்டார். பழைய துணிக்கும் பழைய பித்தளைக்கும் எவர்சில்வர் தருகிற வியாபாரிதான் அவர்! எவர்சில்வரில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏட்டைத் தன்மேல் போர்த்துக்கொள்கிறது. பால் அதைத் தாண்டி உலோகத்தைத் தொடுவதில்லை. 1980களிலும் 90களிலும் இந்நோய் மருத்துவமனைகளில் அருகிக்கொண்டே வந்தது. இன்று குழந்தை மருத்துவம் பயில்பவர்களுக்கு இது பெரும்பாலும் புத்தகத்தில் படிக்கும் நோய்.

பித்தளையும் செம்பும் இப்போது கடைத்தெருவுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. விளக்கும் குடமும் வாங்குங்கள், அழகுதான். கைக்குழந்தையின் பாலை மட்டும் அவற்றில் ஊற்ற வேண்டாம்.

அடுத்த வாரம் அந்த மாணவி ஆச்சி வீட்டுப் பரணிலிருந்து ஒரு பித்தளைப் போணியை ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். விளிம்பில் ஆச்சியின் பெயர் வெட்டியிருந்தது. பால் காய்ச்சுவதற்கென்றே வைத்திருந்ததாம். ஈயம் பூசுகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை வருவாராம். சன்னல் பக்கம் சாய்த்து உள்ளே பார்த்தோம். பக்கங்களில் ஈயம் வெள்ளையாக இருந்தது. அடியில், கரண்டி பட்டுத் தேய்ந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் தெரிந்தது.