மட்டம் காணும் கலை

சோளிங்கரில் யோக நரசிம்மர் எழுந்தருளியிருக்கும் பெரிய மலையின் 1305 படிகளை ஏறிச் செல்லும் பக்தர்களை, காமிராவைச் சாயாமல் தாங்கும் கிம்பல் என்னும் கருவியில் பொருத்திய காமிராவால் படம் பிடிக்கிறவர்கள், படத்தில் தொடுவானம் ஒருபுறம் சாய்ந்திருப்பதைக் கண்டு வருந்துவதுண்டு. சுற்றிலும் மலைச்சரிவுகளே சூழ்ந்த அவ்விடத்தில் கண்ணை நம்பி மட்டம் பார்க்க இயலாது. பூமியின் ஆகர்ஷணத்தைக் கருவிதான் உணர்ந்து சொல்லவேண்டும். அக்கருவியிலேயே தோஷம் இருந்தால் என் செய்வது?

இக்கேள்வியோடு நம் நாட்டில் பல ஆண்டுகள் போராடியவர் நில அளவையாளர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்கருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கிய அவர், பின்னர் ஆர்க்காட்டுச் சீமையின் குன்றுகளை முக்கோணங்களால் பிணைத்து மைசூர் வழியே மேலைக்கடல்வரை சென்றார். கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட்டை ஒவ்வொரு சிகரத்திலும் ரசமட்டத்தால் நேர்ப்படுத்தவேண்டும். குமிழி நடுவில் நின்றபின் ரசமட்டத்தையே முனை மாற்றித் திருப்பி வைப்பது சர்வேக்காரரின் சம்பிரதாயம். அப்போது குமிழி விலகினால், விலகலில் பாதி பீடத்தின் சாய்வு, பாதி மட்டத்தின் சொந்தப் பிழை. சந்தேகத்தைக் கருவியின்மீதே திருப்பும் இந்த யுக்தியை நான் மிக உயர்ந்ததாகக் கருதுகிறேன்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது ஏற்றும்போது கயிறு அறுந்து அந்தத் தியோடலைட் மோதி, அதன் வட்டம் கோணியது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வார காலம் ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு அதை இழுத்து இழுத்துப் பழைய உருவுக்குக் கொண்டுவந்தார். அவருடைய பொறுமையை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

செங்குத்துத் திசையைக் காட்டும் தூக்குக்குண்டும் எங்கும் ஒரே நேர்மையாய்த் தொங்குவதில்லை என்பது பிற்பாடு தெளிவாயிற்று. இமயத்தின் பேருரு குண்டைத் தன் பக்கம் இழுப்பதைக் கல்கத்தாவில் ஆர்ச்டீக்கன் என்னும் திருச்சபைப் பதவியிலிருந்த பிராட் 1855-இல் கணக்கிட்டு ஆராய்ந்தார்.

கிம்பலுக்கு அத்தனை நுட்பம் எட்டாது. ஆயினும் அதையும் ஏமாற்றும் இழுப்பு உண்டு. ஓடும் வண்டியிலிருந்து படம் பிடிக்கையில், வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறம் தள்ளும் விசையைக் கிம்பலின் உணரி ஆகர்ஷணத்தோடு சேர்த்தெண்ணி, பொய்யான திசையையே கீழ் என்று கொள்கிறது. வண்டி நேரே வந்தபின்னும் சிறிது நேரம் சாய்வு தங்குகிறது. வளைவைக் கடந்து, சற்று அசையாமல் நிறுத்தினால் பெரும்பாலும் தானே சரியாகும். நின்ற இடத்திலும் சாய்வு போகாவிடில் பிழை உணரியினுடையது. உறுதியான சமதளத்தில் அசைவின்றி வைத்து அதற்கு மட்டத்தை மறுபடி கற்பிக்கவேண்டும். சில கிம்பல்களில் உணரியை ஆறு முகங்களிலும் திருப்பித் திருப்பி வைத்து, எதிரெதிர் முகங்களின் அளவுகளிலிருந்து அதன் பிழையைப் பிரித்தெடுக்கிறார்கள். ரசமட்டத்தை முனை மாற்றிய அதே சம்பிரதாயம்தான் இது.