துர்க்கமும் அஞ்சலும்: பெங்களூரைச் சுற்றிய ஓட்டப் பாதைகளின் முன்வரலாறு

காடு, ஆறு, கோட்டை ஆகிய மூன்றும் ஒருசேர வாய்த்த வழியில் ஓடுவது பிரான்சில் ஏறத்தாழ ஒரு தனிப் பண்பாடாகவே நிலைபெற்றுவிட்டது. லுவார் ஆற்றங்கரையிலும் ஃபொந்தேன்புளோ காட்டிலும் ஓடுவதற்கென்றே கண்டம் கடந்து செல்வோர் உண்டு. பெங்களூரில் வார இறுதிகளில் விடியுமுன் எழுந்து, நந்தி மலைக்கும் சாவனதுர்க்கத்துக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் காரில் சென்று, அங்கே இறங்கி ஓடிவிட்டுத் திரும்புவோரின் நாட்டமும் அவ்வகைப்பட்டதே. மென்பொருள் நகரம் இறக்குமதி செய்துகொண்ட பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடும் போக்கு ஆய்வுலகில் உண்டு. இறக்குமதிதான், மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஓட்டம் நிகழும் நிலத்துக்கும், ஓட்டம் என்னும் தொழிலுக்கும் இங்கே ஒரு முன்வரலாறு இருக்கிறது. துர்க்கம், அஞ்சல் என்னும் இரண்டு சொற்களைப் பற்றிக்கொண்டு அதை எழுதிப் பார்க்கிறேன்.

'துர்க்கம்' என்னும் வடசொல்லின் நேர்ப்பொருள் 'செல்லுதற்கு அரியது' என்பதாகும். கோட்டை என்பது அதிலிருந்து கிளைத்த பொருள். ரயிலில் ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் இடையே சென்றவர்கள் சங்ககிரி துர்க்கம் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பார்கள். பெங்களூரைச் சுற்றி இப்பெயர்கள் இன்னும் அடர்த்தியாக உள்ளன: நந்திதுர்க்கம், சாவனதுர்க்கம், மாகளிதுர்க்கம், தேவராயனதுர்க்கம், ஹுத்ரிதுர்க்கம், கப்பாளதுர்க்கம். இவற்றுள் கடைசியாகச் சொன்னது மைசூர் அரசர்களின் சிறைக்கோட்டையாக இருந்தது. அதன் நீரும் காற்றும் நோய் தருவன என்று பெயர் பெற்றிருந்தன. இன்று அது மலையேறுவோர் நாடிச் செல்லும் இடம். 'இங்கே வராதே' என்று கால்களை விலக்குவதற்காகப் பெயரிடப்பட்ட இடங்களே இப்போது கால்களை அழைக்கும் இடங்களாகிவிட்டன.

காட்டையும் ஆற்றையும் கோட்டையையும் தனித்தனிக் காட்சிகளாகப் பார்க்கும் நம் பழக்கம் மிகப் பிற்காலத்தது. அர்த்தசாஸ்திரம் அரண்களை நீர், மலை, பாலை, காடு என்று வகைப்படுத்துகிறது. திருக்குறளின் 'அரண்' அதிகாரமும் நீர், வெட்டவெளி, மலை, காடு ஆகியவற்றை அரணின் உறுப்புகளாகவே எண்ணுகிறது. தமிழில் இதற்கு இன்னும் நுட்பமான ஒரு சொல்லும் உண்டு. கோட்டையைச் சூழ வளர்த்துக் காக்கப்பட்ட காட்டைச் சங்க இலக்கியம் 'மிளை' என்கிறது. உரையாசிரியர்கள் அதைக் 'காவற்காடு' என்று விளக்குவர். தானே வளர்ந்த காடு வேறு, மிளை வேறு. மிளை மதிலைப் போலவே மனிதர் கட்டி எழுப்பிய ஒன்று. கட்டுமானப் பொருள் மட்டும் மரமும் முள்ளும் மூங்கிலும்.

மிளை என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ளச் சாவனதுர்க்கத்தைவிட நல்ல இடம் இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் 1226 மீட்டர் உயரம் எழும் ஒற்றைப் பாறை. அருகே அர்க்காவதி ஆறு. மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸின் படை 1791 மார்ச் 21 அன்று பெங்களூர்க் கோட்டையையும், அக்டோபர் 19 அன்று நந்திதுர்க்கத்தையும் கைப்பற்றியது. டிசம்பரில் சாவனதுர்க்கத்தை அடைந்தபோது படையை முதலில் தடுத்தது மதில் அன்று, காடு. மலையைச் சுற்றிப் பல மைல் அகலத்துக்குக் காடு இருந்ததாகவும், ஊடுருவ முடியாதபடி அதனுள் மூங்கில் நட்டு அடர்த்தியாக்கப்பட்டிருந்ததாகவும் அக்காலப் போர்க்குறிப்புகள் சொல்கின்றன. ஆங்கிலேயர் அங்கே முற்றுகையிட்ட செய்தி கேட்டுத் திப்பு மகிழ்ந்தார் என்றும், பாதிப் பேர் நோயாலும் மீதிப் பேர் வாளாலும் மடிவார்கள் என்று அவர் எண்ணினார் என்றும் அவர்களே எழுதி வைத்துள்ளனர். வென்றவர்கள் எழுதிய கதை என்பதால் இதைச் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் அக்கதையில் நோய் ஓர் ஆயுதமாக, காட்டின் ஒரு பகுதியாக எண்ணப்பட்டிருப்பது கவனத்துக்குரியது.

டிசம்பர் 21 அன்று கோட்டை வீழ்ந்தது; தாக்கிய தரப்பில் இழப்பு மிகச் சொற்பம். உண்மையான போர் அதற்கு முந்தைய நாட்களில் காட்டோடுதான் நடந்தது. கனரகப் பீரங்கிகளை இழுத்துச் செல்ல வழி வெட்ட வேண்டியிருந்தது. கம்பெனிப் படைகளில் வழிவெட்டும் பணி 'பயனியர்' அணிகளுக்குரியது. மதராஸ் படையில் அவ்வணிகள் 1780-இல் தோற்றுவிக்கப்பட்டவை. அவற்றின் வழிவந்த மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் இன்று பெங்களூர் அல்சூர் ஏரிக்கு அருகில் இருக்கிறது. சாவனதுர்க்கத்தின் காட்டுப் பாதைகளில் ஓடுபவர் அந்த ஏரிக்கரையிலும் ஓடுபவராக இருக்கக்கூடும். இவ்விரண்டு இடங்களுக்கும் உள்ள உறவைச் சொல்லும் பலகை எதையும் நான் பார்த்ததில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரணின் பொறுப்பை ஆறு ஏற்றுக்கொண்டது. காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்த தீவு. அக்கரையில் முள்வேலிக் காப்பு. 1792 பிப்ரவரி 6 இரவில் காரன்வாலிஸ் முதலில் தாக்கியதும் அந்த வேலிக்குள்தான். இன்று அத்தீவுக்கு அருகே, ரங்கனதிட்டுப் பறவைச் சரணாலயப் பக்கம், கால்வாய்க் கரையில் ஓடும் காவேரி ட்ரெயில் மாரத்தான் பெங்களூர் ஓட்டக்காரர்களிடையே நன்கு அறியப்பட்டது. அங்கே 'இயற்கை' என்று நாம் ரசிக்கும் ஆற்றுத்திட்டுகளும் முழுக்க இயற்கை அல்ல. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில் ஆற்றின் குறுக்கே அணை கட்டியபோது உருவானவை அவை. சாலிம் அலியின் முயற்சியால் 1940-இல் சரணாலயமாயின.

அரண் காட்சியாக மாறியது எப்போது? எனக்குக் கிடைக்கும் விடை வியப்பளிப்பது: அரண்கள் வீழ்ந்த அதே போரில்தான். காரன்வாலிஸின் படையோடு சென்ற ஓவியர் ராபர்ட் ஹோம், மைசூரின் தேர்ந்த காட்சிகளை 1794-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். நில அளவையாளர் கோல்புரூக்கும் மைசூர்க் காட்சிகளை வரைந்தார். பீரங்கிப்படை அதிகாரி ஜேம்ஸ் ஹன்டரின் படங்கள் அவர் மறைந்த பின் வெளியானபோது, 'எழில்மிகு காட்சி' என்னும் சொல் தலைப்பிலேயே இடம்பெற்றது. பீரங்கி எங்கே நிறுத்துவது என்று மலையைப் பார்த்த கண்ணே, அதன் நிழல் எப்படி விழுகிறது என்றும் பார்த்தது. பிரான்சிலும் நிலைமை அவ்வளவு வேறல்ல. ஃபொந்தேன்புளோ காட்டில் நடப்பவர்களுக்காக நீல அம்புக்குறியிட்ட பாதைகளை 1842 முதல் அமைத்த தெனெகூர், நெப்போலியன் படையில் இருந்த முன்னாள் போர்வீரர். ஓவியர்களின் வற்புறுத்தலால் 1861-இல் அக்காட்டின் ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பகுதி கலைக்காகவே காக்கப்படும் நிலமாக அறிவிக்கப்பட்டது. பாறையும் மரமும் அழகுக்காகப் பாதுகாக்கப்படலாம் என்னும் எண்ணத்துக்கும் பிறந்த தேதி உண்டு.

பெயர்களிலும் இம்மாற்றம் பதிந்துள்ளது. இலத்தீனில் கோட்டையைக் குறித்த 'காஸ்டெல்லும்' பிரெஞ்சில் 'ஷாத்தோ' ஆனது. பின் மாளிகை, பின் போர்தோ பகுதியில் திராட்சைத் தோட்டம் என்று நெகிழ்ந்துவிட்டது. அரண் என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'ஷாத்தோ ஃபோர்' என்று அடைமொழி சேர்க்க வேண்டும். இங்கே சொல் நெகிழவில்லை, உதிர்ந்தது. நந்திதுர்க்கம் நந்தி ஹில்ஸ் ஆயிற்று. 1834 முதல் 1861 வரை மைசூரின் ஆணையராக இருந்த மார்க் கப்பன் அம்மலையுச்சியில் வெயிற்கால மாளிகை கட்டிக்கொண்ட காலம் இதில் ஒரு திருப்பம் என்று கருதுகிறேன். சாவனதுர்க்கமோ பழைய பெயரை விடவில்லை. அங்கே யாரும் வெயிற்கால மாளிகை கட்டவில்லை என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதுவரை சொன்னது நிலத்தின் கதை. ஓடியவர்களின் கதை அடுத்த சொல்லில் இருக்கிறது.

கன்னடத்தில் தபாலுக்கு 'அஞ்செ' என்று பெயர். சிக்கதேவராஜ உடையார் 1672-இல் நிறுவியதாகச் சொல்லப்படும் மைசூர் அஞ்செ, 1889-இல் பிரிட்டிஷ் இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்படும் வரை தனி அமைப்பாக இயங்கியது. மைசூர் வரலாறெழுதிய வில்க்ஸ், இதைக் கடிதம் சுமக்கும் ஏற்பாடாக மட்டும் பார்க்கவில்லை. அஞ்செ அலுவலர்கள் வட்டார நடப்புகளை அரசனுக்கு உளவு சொல்வோராகவும் இருந்தனர் என்றும், ஹைதர் காலத்தில் அது கொடுங்கோன்மையின் கருவியாக முற்றியது என்றும் எழுதுகிறார். ஓடியவர்கள் அச்சித்திரத்தின் பின்னணியிலேயே நிற்கிறார்கள். ஆனால் அவர்களின்றித் துர்க்கத்துக்குப் பொருளே இல்லை. எதிரியின் கால்களைத் தடுக்கும் கோட்டை, அரசனின் செய்தி வந்து சேராவிட்டால் தனித்துக் கிடக்கும் பாறை மட்டுமே. ஒரே அரசு ஒருபுறம் செல்லுதற்கரிய இடங்களை உண்டாக்கியது. மறுபுறம் அவ்விடங்களுக்கு ஓடிச் செல்லக் கால்களைக் கூலிக்கு அமர்த்தியது.

'அஞ்செ' என்பது 'ஹம்ஸ' என்பதன் திரிபு, நளன் கதையின் தூது அன்னத்தை நினைவூட்டுவது என்ற விளக்கம் கன்னடத்தில் பரவலாக உள்ளது. கன்னடத்தில் அன்னப்பறவைக்கும் அச்சொல் வழங்குவதால் இது கவர்ச்சியான விளக்கம்தான். ஆயினும் தமிழ், மலையாள வழக்குகளையும் சேர்த்துப் பார்க்கையில் என் சாய்வு வேறு பக்கம். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் 1951 வரை தனித்து இயங்கிய 'அஞ்சல்', மணி கட்டிய கோலேந்தி ஓடிய அஞ்சலோட்டக்காரனால் நினைக்கப்படுகிறது. வானொலியில் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை 'அஞ்சல் செய்தல்' என்றோம். ஈழத்துப் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டியில், தமிழகம் 'தொடர் ஓட்டம்' என்று சொல்வதற்கு 'அஞ்சலோட்டம்' என்றே பெயர். இவை யாவற்றிலும் நிற்கும் பொருட்கூறு பறவை அன்று. ஒருவர் ஓடி வந்து கொடுக்க, மற்றவர் வாங்கி ஓடும் கைமாற்று. 'தபால்' என்பதை நீக்கி 'அஞ்சல்' என்று எழுதத் தொடங்கியபோது நாம் மீட்டெடுத்தது ஓர் உழைப்பின் பெயரை.

கப்பன் நந்தியில் தங்கியிருந்த நாட்களில் அரசுக் கடிதங்களும் மலையேறித்தான் வந்திருக்க வேண்டும். இன்று கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டு மக்கள் ஓடி ஏறும் அதே மலை அது. ஏறியவர் எவ்வளவு நேரத்தில் ஏறினார் என்பது அன்று அவருடைய மகிழ்ச்சிக்குரிய செய்தியாக இருந்திருக்காது.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார், ராமநகரம் வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள், அஞ்சல்காரர் ஓடிய தடம் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சுட்டும் ஒற்றையடிப் பாதையோ, இளைப்பாறும் மரத்தடியோ, அச்சொல் ஒட்டிய வயற்பெயரோ, குடும்பப் பட்டப்பெயரோ இருந்தால் கீழே எழுதுங்கள். உச்சரிப்பை அப்படியே பதிவு செய்தால் மிக உதவியாக இருக்கும். 'அஞ்செ', 'அஞ்ச', 'அஞ்சல்' ஆகிய மூன்றில் எது எந்த ஊரில் வழங்குகிறது என்பதை வரைபடத்தில் குறித்துக்கொண்டிருக்கிறேன்.