சக்கர பீடமும் ஹிப்னோதெரபியும்

சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சன்னதி முன்னுள்ள சக்கர பீடம் மனக்கலக்கம் தீர்க்கும் இடமாகப் பெயர் பெற்றது. திருவாவடுதுறை ஆதீனத்து வேலப்ப தேசிகர் அதை நிறுவினார் என்பது கோயில் மரபு. மனநலம் குன்றியவர்களையும், பேய் பிடித்ததாகச் சொல்லப்படுபவர்களையும் அதில் உட்காரவைத்து வேண்டிக்கொள்வார்கள். பயந்த குழந்தைக்கு மந்திரித்துத் திருநீறு பூசுவதும் இதே வகை வழக்கம்தான். இன்று மருத்துவர்கள் குழந்தைகளுக்குச் செய்யும் ஹிப்னோதெரபி எனும் அறிதுயில் சிகிச்சைக்கும் இவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: குணத்தின் பெரும்பங்கு குணப்படுத்துபவரிடமிருந்து வருவதில்லை, நோயாளியின் கவனத்திலிருந்தும் எதிர்பார்ப்பிலிருந்தும் வருகிறது.

ஹிப்னாடிசத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. ஹிப்னாடிசத்துக்கு முன்னோடியான மருத்துவர் மெஸ்மர், தன் உடலிலிருந்து ஒரு காந்த சக்தி பாய்வதாகச் சொன்னார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு அதைச் சோதித்து, நடப்பதெல்லாம் கற்பனையின் விளைவு என்றது. கோவாவில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா 1813இல் பாரிஸில் செய்முறை காட்டியபோது இன்னும் ஒருபடி மேலே போய், ஹிப்னாடிசத் தூக்கத்துக்கான ஆற்றல் தூங்குபவரிடமே இருக்கிறது, தன்னிடம் எந்தச் சக்தியும் இல்லை என்றார். இருநூறு ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வும் ஏறக்குறைய அதையே காட்டியது. நாட்பட்ட வயிற்றுவலி உள்ள 260 குழந்தைகளில் சிலருக்கு நிபுணர் நேரில் ஹிப்னோதெரபி தந்தார்; மற்றவர்கள் வீட்டில் அதே பயிற்சிகள் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டுப் பயிற்சி செய்தார்கள். ஓராண்டுக்குப் பின் முதல் பிரிவில் 71 விழுக்காட்டினரும், இரண்டாவதில் 62 விழுக்காட்டினரும் பலன் பெற்றிருந்தார்கள். நிபுணருக்கு ஓரளவு பங்கு உண்டு, ஆனால் அவர் இல்லாமலும் பெரும்பகுதி நடந்துவிடுகிறது.

பக்தியையும் மருத்துவத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்கலாம். வைக்கவேண்டாம், பீடத்தில் அமர்பவர் அம்மனை நாடுகிறார், சிகிச்சைக்கு வரும் குழந்தை வலி குறைய வழி நாடுகிறது. ஆனால் கோயிலில் தங்குவதால் வரும் பலனை அளந்து பார்த்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டின் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாக 2002இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. மருந்தில்லாமல், அடைக்கலமும் அன்பான சூழலும் தந்த பலன் அது.

இதைவிட வலுவான எதிர்வாதம், மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் நாடும் தர்கா உள்ள ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்க, 28 பேர் இறந்தார்கள். ஆற்றல் குணப்படுத்துபவரிடமோ இடத்திலோ மட்டும் இருக்கிறது என்று நம்பினால், நோயாளியைக் கட்டிப்போட்டாவது அங்கே வைத்திருக்கலாம் என்றாகிவிடும். ஆற்றல் நோயாளியிடமே இருப்பதானால் கட்டாயத்துக்கு அங்கே வேலையில்லை. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. குழந்தை விஷயத்தில் இந்த அளவுகோல் இன்னும் கண்டிப்பாக வேண்டும்: அது மனமொப்பி உட்கார்ந்தால் பீடமும் ஆறுதல் தரும், ஹிப்னோதெரபியும் உதவும், வலிப்போ காய்ச்சலோ இருந்தால் இரண்டுக்கும் முன்னால் மருத்துவமனை.