தெரியவில்லை என்பதே தெரியாதபோது

பாரிசவாதம் வந்தவருக்குக் கை கால் இயங்காது என்று எங்களுக்குத் தெரியும். அது இயங்கவில்லை என்பதே சிலருக்குத் தெரியாது என்பதைத்தான் நாங்கள் கவனிப்பதில்லை.

மூளையின் வலப்பக்கம் பழுதானால் உடம்பின் இடப்பக்கம் செயலிழக்கும். சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து கழன்றுவிடும். கோப்பையில் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழும்புவார்கள். முகத்தின் ஒரு பாதியை மட்டும் சவரம் செய்வார்கள். பார்வை நன்றாக இருந்தாலும் இது நடக்கும். கவனம்தான் அந்தப் பக்கம் போவதில்லை. இதோடு அடிக்கடி சேர்ந்து வருகிற இன்னொன்று, தனக்கு வந்த குறையையே உணராமல் இருப்பது. 1914 இல் பரிஸில் ஜோசப் பபின்ஸ்கி என்ற நரம்பியல் வைத்தியர் அதற்கு 'அனசொக்னோசியா' என்று பெயர் வைத்தார். கேட்டால் "எனக்கு ஒண்டுமில்லை" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது.

இப்படியொருவர் நாட்டை ஆண்டால்?

1919 ஒக்டோபர் 2 இல் அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சனுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. மனைவி எடித்தும் வைத்தியர் கிரேசனும் நோயின் கடுமையை மறைத்தார்கள். டிசெம்பரில் இரண்டு செனட்டர்கள் பார்க்க வந்தபோது, இயங்காத இடக்கை போர்வைக்குள் இருந்தது. ஜனாதிபதியால் இயலாது போனால் உப ஜனாதிபதி பொறுப்பேற்கலாம் என்று அரசியலமைப்பில் இருந்தது. இயலாது என்று யார் முடிவுசெய்வது என்றுதான் எழுதியிருக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்த வெளிவிவகாரச் செயலாளர் லான்சிங் 1920 பெப்ரவரியில் பதவியிழந்தார். வேர்சாய் ஒப்பந்தத்தில் வில்சன் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இணங்கவில்லை. செனட் அதை இரண்டு தரம் நிராகரித்தது. அந்த நிலையிலும் மூன்றாம் தரம் போட்டியிடும் நினைப்பு அவருக்கு இருந்தது.

வில்சன் தன் குறையை உணராதிருந்தார் என்று எட்வின் வைன்ஸ்டைன் என்ற நரம்பியல் வைத்தியர் 1981 இல் ஒரு புத்தகத்தில் வாதிட்டார். அவர் முன்பே விட்டுக்கொடுக்காத ஆள்தான் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நோய் எது, குணம் எது என்று பிரிப்பது கஷ்டம்.

கென்னடி கொலைக்குப் பிறகு, 1967 இல் வந்த 25 ஆவது திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. ஜனாதிபதி தானாகச் சொல்லாவிட்டாலும், உப ஜனாதிபதியும் அமைச்சரவையின் பெரும்பான்மையும் சேர்ந்து அவரால் இயலாது என்று அறிவிக்கலாம்.

நீதிபதிகளுக்கு அப்படியொரு வழி இல்லை. 1974 இன் கடைசி நாளில் உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் டக்ளஸுக்கு இடப்பக்கம் விழுந்தது. விழுந்ததில் கை அடிபட்டது, அவ்வளவுதான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு வாக்கால் தீர்மானமாகக்கூடிய வழக்குகளை மற்ற நீதியரசர்கள் ஒத்திவைத்தார்கள். 1975 நவம்பரில் ஓய்வுபெற்ற பிறகும், தான் இன்னும் நீதியரசர்தான் என்பதுபோல வேலைக்கு வந்தார்.

இரண்டு பேரிடமும் "உங்களால் முடியுமா?" என்று கேட்டிருந்தால், முடியும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பழுதான இடமே பதில் சொல்கிற இடம்.

எங்கட வீடுகளிலும் இது நடக்கிறது. "அப்பா சும்மா பிடிவாதம் பிடிக்கிறார்" என்று சண்டை பிடிக்கிறோம். மோட்டார் சைக்கிள் திறப்பைக் கேட்கிறார், தடியில்லாமல் எழும்பி விழுகிறார். அவரோடு வாதாடி வெல்ல ஏலாது. வைத்தியரிடம் கோப்பையின் இடப்பக்கத்தில் மிஞ்சிய சோற்றைப் பற்றிச் சொல்வது நாங்கள்தான். அதை அவர் சொல்லமாட்டார், அவருக்கு அந்தச் சோறு அங்கே இல்லை.