வாளும் துப்பாக்கியும்: ‘ஏழு சாமுராய்’ படமும் அதன் அமெரிக்க மறுஆக்கமும்

அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) படத்தை ஜான் ஸ்டர்ஜஸ் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ (1960) என்னும் பெயரில் மறுஆக்கம் செய்தார். கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்க உழவர்கள் எழுவரை அமர்த்துவதும் அவர்களுள் நால்வர் மடிவதும் இரு படங்களுக்கும் பொது. கதைக்கூறுகளின் இவ்வொற்றுமையைக் காட்டிலும், மூலப்படம் தன் காலத்தை ஆண்டளவில் சுட்டியிருப்பதே வரலாற்று நோக்கில் முதன்மையானது.

கிகுச்சியோ தன் குலச்சான்றாக ஒரு வம்சாவளிச் சுருளை நீட்டுகிறான். அதில் குறிக்கப்பெற்றவர் பிறந்தது தென்ஷோ 2ஆம் ஆண்டு, அதாவது 1574. அப்படியானால் உனக்கு வயது 13தானா எனக் கம்பெய் நகைக்கிறார். சிரிப்புக்காக அமைந்த காட்சிதான். எனினும் பிறந்த ஆண்டையும் சேர்த்தெண்ணும் ஜப்பானிய முறைப்படி கதை நிகழும் ஆண்டு 1586 என்றாகிறது. 1588இல் தொயோதொமி ஹிதெயோஷி உழவரிடமுள்ள வாள்களைப் பறிக்க ஆணையிட்டார். 1591இல் பிறப்பித்த ஆணை, வீரர் உழவராவதையும் உழவர் நிலத்தைவிட்டு வணிகத்துக்குச் செல்வதையும் தடுத்தது. உழவர் மகனான கிகுச்சியோ வாளேந்திச் சாமுராயாக உலவுவது இக்கதவு அடைபடுவதற்குச் சற்று முன்னர். ஹெய்ஹாச்சி தைக்கும் கொடியில் சாமுராய் அறுவருக்கு வட்டங்கள். உழவருக்கு ஓர் எழுத்து. கிகுச்சியோவுக்கு மட்டும் முக்கோணம். அவன் எவ்வரிசையிலும் அடங்காதவன்.

அமெரிக்கப் படம் கிகுச்சியோவையும் இளைஞன் காத்சுஷிரோவையும் சீக்கோ என்னும் ஒரே பாத்திரமாக்கியது. இது திரைக்கதைச் சிக்கனம் மட்டுமன்று. மூலப்படத்தின் இறுதியில் உழவர் மகள் ஷினோ காத்சுஷிரோவைக் கடந்து நாற்று நடச் செல்கிறாள். சீக்கோவோ துப்பாக்கியைக் கழற்றிவிட்டுப் பெட்ராவுடன் ஊரிலேயே தங்கிவிடுகிறான். பிறப்புவழித் தடை இங்குத் தனிமனித முடிவாகச் சுருங்கிவிடுகிறது. தடை அறவே நீங்கிற்று எனவும் கூறவியலாது. அது நாட்டெல்லைக்கு இடம்பெயர்ந்துள்ளது: காக்கப்படுவோர் மெக்சிகோ உழவர், காப்போர் பெரும்பாலும் எல்லைக்கு வடக்கிலிருந்து வருவோர். ரிச்சர்ட் ஸ்லாட்கின் இப்படத்தைப் பனிப்போர்க்கால அமெரிக்கத் தலையீட்டோடு இணைத்து வாசிப்பது ஏற்கத்தக்கதே. ஆயினும் மூலப்படத்தின் படிநிலைச் சிக்கல் அகற்றப்பட்டதனாலேயே அத்தலையீட்டுக் கதைக்கு இடம் கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கருதவேண்டும்.

ஆயுதத்திலும் இவ்வேறுபாடு புலனாகிறது. குரோசாவா படத்தில் கொள்ளையரிடம் உள்ள துப்பாக்கிகள் மூன்றே. மடியும் சாமுராய் நால்வரும் குண்டடிபட்டே மடிகின்றனர். வாட்கலையில் நிகரற்ற கியூசோவும் அவர்களுள் ஒருவர். போர்த்துக்கீசியர் வழியாக 1543இல் தனேகஷிமாத் தீவை அடைந்த துப்பாக்கி, பயிற்சியால் பெற்ற திறனைப் பொருளற்றதாக்குகிறது. ஸ்டர்ஜஸ் படத்தில் துப்பாக்கியே அத்திறன். ஆகவே ஒரு வகுப்பின் வீழ்ச்சியை அது உணர்த்த இயலாது.

வெற்றி உழவருக்கே என்னும் கருத்தை இரு படங்களின் தலைவர்களும் இறுதியில் மொழிகின்றனர். கிறிஸ் கூறும்போது அது நாடோடியின் ஏக்கம். கம்பெய் கூறும் வேளையிலோ, வென்ற உழவரிடமிருந்து ஆயுதம் பறிக்கும் ஆணைக்கு இரண்டு ஆண்டுகளே எஞ்சியுள்ளன.